வயல் காவலில் படம் பார்ப்பவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல். பகலில் சந்தியில் சைக்கிள் திருத்துகிறேன். காலபோகத்தில், அதாவது மாரிகால வெள்ளாண்மையில், நெல் குடலைக்கு (கதிர் உள்ளே கட்டும் பருவத்துக்கு) வந்த நாளிலிருந்து அறுவடை வரை இரவில் காவல் கொட்டில்தான் வீடு. யானையும் பன்றியும் வராத நேரத்தில் போனில் படம் பார்ப்பேன். பார்த்ததைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அதனால் கேள்விகளும் வருகின்றன. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு ஒரே தடவையாக இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சினிமா படித்தவரா? விமர்சகரா?

இரண்டும் இல்லை. படம் நன்றாக இருந்தால் விழித்திருப்பேன், இல்லாவிட்டால் நித்திரையாகிவிடுவேன். அவ்வளவுதான் என் விமர்சனம். காவலுக்குப் போனவன் நித்திரையானால் என்ன நடக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். பெரிய விருது வாங்கிய ஒரு படத்தில் இருபதாவது நிமிடம் கண் மூடி, விடியப் பார்த்தபோது வாய்க்கால் ஓரத்தில் கால் ஏக்கரைப் பன்றி உழுதிருந்தது. அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பன்றியிலும் பிழை இருக்கிறது.

சுயாதீனப் படம் என்றால் என்ன?

பெரிய கம்பனியின் காசில்லாமல், பெரிய நடிகரில்லாமல், எடுக்கிறவர் தன் விருப்பப்படி எடுத்த படம் என்று பொதுவாகச் சொல்லலாம். இந்தக் காட்சியை வெட்டு என்று அதட்ட ஆளில்லாத இடத்தில் எடுத்த படம் என்பேன் நான். அதில் நல்லதும் உண்டு, கெடுதலும் உண்டு. வெட்டியிருக்க வேண்டிய காட்சியும் தப்பிப் பிழைத்து நிற்கும்.

குறும்படமும் அதுவும் ஒன்றா?

இல்லை. குறும்படம் என்பது நீளம். ஒஸ்காருக்கு, பெயர்கள் ஓடுவதையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம். கம்பனி காசிலும் குறும்படம் எடுக்கலாம், கடன் வாங்கி மூன்று மணி நேரப் படமும் எடுக்கலாம்.

கொட்டிலில் எப்படிப் பார்க்கிறீர்கள்? கவரேஜ் இருக்கிறதா?

ஒரு கோடு வரும், போகும். அதை நம்பிப் படம் பார்க்க முடியாது. வீட்டிலோ கடையிலோ இறக்கி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். 480 தரத்தில் ஒரு மணி நேரம் ஓடும் படம் ஏறத்தாழ அரை ஜிபி எடுக்கும். 1080 என்றால் ஒன்றரை, இரண்டு ஜிபி வரை போகும். போன் திரையில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரவுக் காட்சிகள் நிறைய உள்ள படத்தை 240இல் மட்டும் இறக்காதீர்கள். இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, ஆள் எது மரம் எது என்று தெரியாமல் போகும்.

திரை வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். வெளிச்சத்தைக் குறைத்து, சாரத்தால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனைப் பிடிக்க வேண்டும். இயர்போன் ஒரு காதில் மட்டும்தான், மற்றக் காது வயலுக்கு. யானை அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சத்தமே போடாமல் வரும். நெல் சரசரக்கும், அல்லது கம்பியில் கட்டிவைத்த வெறும் ரின்கள் ஒன்றோடொன்று முட்டும். அதைக் கேட்டால் போனை வைத்துவிட்டு யானை வெடியை எடுக்க வேண்டும். ஆகவே என் கருத்துகள் எல்லாம் ஒற்றைக் காதுக் கருத்துகள். ஸ்டீரியோ பற்றிக் கேட்காதீர்கள்.

வன்னியில் முந்தி எப்படிப் படம் பார்த்தீர்கள்?

நான் சிறுவனாக இருந்தபோது ரீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். ஊரே பாயோடு வரும். மூன்றாவது படத்தின் முடிவைப் பார்த்தவர்கள் குறைவு. நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம் தொண்ணூறுகளில், போருக்குள், பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பாவித்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னுடையது. சைக்கிள் திருத்தப் பழகியதும் அப்படித்தான். மெதுவாகச் சுற்றினால் வானொலிச் சத்தம் கீழே போகும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

இந்திய வானொலியில் ஒலிச்சித்திரம் போகும். ஒரு படத்தின் ஒலியை மட்டும், ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். படமே பார்க்காமல் பத்து இருபது படங்களின் வசனம் எனக்குப் பாடம். கதவு திறக்கிற சத்தத்தை வைத்து அது பணக்கார வீடா ஏழை வீடா என்று சொல்லிவிடுவேன். பிறகு 2002இல் வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து, சீடீயும் பிளேயரும் வந்தபோது அதே படங்களைப் பார்த்தேன். பாதி ஏமாற்றமாக இருந்தது. நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வீடுகள் இன்னும் பெரியவை.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் நான் படத்தை முதலில் காதால்தான் பார்க்கிறேன். கீழே நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

தியேட்டருக்குப் போவதில்லையா?

எங்கள் பக்கத்திலிருந்து தியேட்டர் என்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். மாலைக் காட்சி முடிந்து வெளியே வந்தால் திரும்பிவர பஸ் இல்லை. தவிர, நான் சொல்கிற மாதிரிப் படங்கள் அங்கே வருவது அருமை. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. வசதி உள்ளவர்கள் அதற்குப் போங்கள்.

இப்படிப்பட்ட படங்களை இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

"கூழாங்கல்". வினோத்ராஜ் இயக்கியது. 2021இல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது எடுத்தது. ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகாரத் தகப்பன் ஒருவன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்த மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வருவது கொதிக்கிற வெயிலில் நடையில். கதை என்று கேட்டால் இதுதான் கதை.

விருதுப் படம் என்று பயப்பட வேண்டாம். ஆவணி மாத வெயிலில் மாங்குளம் சந்தியில் இறங்கி, பஸ் இல்லாமல் ஒட்டுசுட்டான் றோட்டில் நடந்தவர்களுக்கு அதில் விளங்காதது எதுவும் இல்லை. காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். தகப்பனின் அடி ஒரு மாதிரி, பிள்ளையின் அடி வேறு மாதிரி. கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியிலிருந்து தண்ணீர் அள்ளுகிறார்கள். அவசரமே இல்லாத காட்சி. நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். வயலில் ஓடுகிற தண்ணீர்ச் சத்தம் மற்றக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் ஏதாவது?

இருக்கின்றன, தேடிப் பிடிக்க வேண்டும். "பொன்மணி" 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்தது. சிங்கள இயக்குநர் ஒருவர், அந்த மண்ணின் சாதியையும் சீதனத்தையும் அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறார். அடுத்த வருடம் வந்த "வாடைக்காற்று" செங்கை ஆழியானின் நாவல். மீன்பிடிக்கிற ஆட்களின் கதை.

கிட்டிய காலத்தில் என்றால் "இனி அவன்", 2012, அசோக ஹந்தகம. போர் முடிந்து, புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒரு முன்னாள் போராளி. நாயகனாக நடித்தவர் தர்ஷன் தர்மராஜ், 2022இல் இறந்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் பேசுவதைவிடப் பேசாமல் நிற்பதுதான் அதிகம். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கும்போது ஆட்கள் பார்க்கிற அந்தப் பார்வை எங்கள் சந்தியிலும் இருந்தது. நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். அதைத் திரையில் கண்டபோது முகத்தைத் திருப்ப இடமில்லாமல் போய்விட்டது. சாரத்துக்குள் நானும் போனும்தான்.

"தீபன்" பற்றியும் கேட்பார்கள். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம், ஆனால் பெரும்பகுதி நம் தமிழ். நாயகன் எழுத்தாளர் ஷோபாசக்தி. முதல் பாதி எனக்குப் பிடித்தது. கடைசிப் பகுதி அடிதடி, வேறு ஏதோ படத்திலிருந்து வெட்டி ஒட்டினாற்போல் இருந்தது.

சிங்களப் படம் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். இந்தக் கேள்வியை ஒரு மாதிரிக் குரலில் கேட்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் அதே பதில்தான்.

பிரசன்ன விதானகேயின் "புரஹந்த களுவர" 1997இல் எடுத்தது. 2000இல் அரசு தடை செய்தது, உயர் நீதிமன்றம் வரை போய் 2001இல்தான் இங்கே திரைக்கு வந்தது. கண் தெரியாத ஒரு முதியவர், ஜோ அபேவிக்ரம. படத்தில் அவர் பெயர் வன்னிஹாமி. ராணுவத்துக்குப் போன மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி ஒன்று வருகிறது. திறக்கக் கூடாது என்கிறார்கள். மகன் செத்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது, அவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். பெட்டிக்குள் என்ன என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தைப் பக்கத்து வளவு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவவுடைய மகன் போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு இல்லை. இல்லை என்றால் எங்கே என்று தெரியவில்லை. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் இருக்கத் தொடங்கினார்களே, அந்தக் கொட்டகையில் அவவும் போய் இருந்தவ. அவவுக்குச் சிங்களம் தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது. நான் இடையிடையே சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில், "தம்பி, நீ சும்மா இரு, விளங்குது" என்றா. வறண்ட குளம் வந்தபோது, "குளம் எங்கட குளம் மாதிரிக் கிடக்கு" என்றா. படிவத்தில் அவர் கையெழுத்து வைக்காத இடத்தில், "வைக்கக்கூடாது" என்று போனைப் பார்த்துச் சொன்னா. படம் முடிந்து ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் கடைக்கு வந்து, சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டு, "அந்த மனுசன் இப்ப இருக்கிறாரோ?" என்று கேட்டா. நடித்தவர் 2011இல் இறந்துவிட்டார் என்றேன். "நடிச்ச ஆளைக் கேக்கேல்லை" என்றா.

இந்தியத் தமிழ்ப் படங்களில் நம் பேச்சு ஏன் அப்படி வருகிறது?

யார் எழுதினாலும் "கதைக்கிறன்", "பறைஞ்சு", "ஓமோம்" என்று மூன்று சொல்லைத் தூவிவிட்டால் ஈழத்தமிழ் ஆகிவிடும் என்ற நினைப்புத்தான். சொல் சரியாக இருந்தாலும் இழுவை பிழைக்கும். கமல் ஈழத்தமிழ் பேசி நடித்த "தெனாலி" வந்த 2000இல் எங்களிடம் படம் பார்க்க வழி இல்லை, பின்னால்தான் பார்த்தேன். சிரித்தேன், சரி. ஆனால் அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகிற நேரமெல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்னைக் கதைக்கச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

2002இல் வந்த "கன்னத்தில் முத்தமிட்டால்" மாங்குளத்தில் தொடங்குகிறது. எங்கள் பஸ் ஏறுகிற சந்தி! எடுத்தது இந்தியாவில். பச்சைப் பசேல் என்று, மலைச்சாரல் மாதிரி ஒரு மாங்குளம். எங்கள் மாங்குளத்தில் பாலையும் வீரையும் செம்மண்ணும். மணிரத்தினம் போரின் நடுவில் இங்கே வந்து எடுத்திருக்க முடியாது, அதுவும் தெரியும். இருந்தாலும், மாங்குளத்தில் பிறந்தவன் திரையில் மாங்குளத்தைக் கண்டு "இது எந்த ஊர்?" என்று கேட்டால் அவனில் பிழை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணப் பேச்சும் வன்னிப் பேச்சும் ஒன்று என்று நம்பி எடுக்கிற நம்மவர்களும் உண்டு. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் எத்தனை? அவர்களின் பேச்சு எந்தக் குறும்படத்திலாவது வந்ததா? என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

நம் குறும்படங்கள் ஏன் எல்லாம் அழுகையாக இருக்கின்றன?

அழ வேண்டியது இருக்கிறது, அதனால் அழுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. அழுகைக்கு வயலின் போடுவதுதான் குறை. ஒரு தாய் அழுதால் அதுவே சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம், சீலைத் தலைப்பு உரசுகிற சத்தம், வெளியே கோழி கொக்கரிக்கிற சத்தம், இவ்வளவும் போதும். மேலே வயலினை ஊற்றினால் அவ எங்கே இருந்து அழுகிறா என்பதே மறந்துபோகும்.

இன்னொன்று, வன்னி என்றால் இடிந்த சுவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இங்கே உர விலையில் சண்டை பிடிக்கிறோம், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்து ஏமாற்றுகிறோம், கூட்டுறவுத் தேர்தலில் மச்சானுக்கு எதிராக வாக்குப் போடுகிறோம். சிரிப்பும் இருக்கிறது. நுண்கடன் காசு கேட்டு ஆள் வரும் நாளில் ஒரு ஒழுங்கையே வெறிச்சோடி, எல்லா வீட்டுக் கதவும் பூட்டி, எல்லா வீட்டுக் குசினியிலும் புகை வருகிறதே, அதை யாராவது எடுத்தால் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

யூடியூப்பில் என்ன பார்ப்பீர்கள்?

வேலை செய்கிறவர்களைப் பார்ப்பேன். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) இயந்திரம் பிரித்துப் பூட்டுகிறவர், பனையோலைப் பெட்டி இழைக்கிறவர், கிடாரம் வைத்துச் சமைக்கிறவர். பேசாமல் செய்கிறவர்கள் என்றால் இன்னும் விருப்பம்.

கரைவலை இழுப்பதை ஒருவர் முக்கால் மணி நேரத்துக்கு அப்படியே போட்டிருந்தார். போனைக் கரையில் எங்கேயோ குத்தி வைத்துவிட்டு அவரும் இழுக்கப் போய்விட்டார் போல. முதல் இருபது நிமிடம் கடலில் ஒன்றும் தெரியாது. கயிறும் முதுகுகளும்தான். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்கிறார்கள். இழுக்க இழுக்க அந்தக் குரல் கட்டையாகிறது, மூச்சு நீள்கிறது, சொற்கள் கரைந்து வெறும் "ஏ"காரம் ஆகிறது. வலையின் மடி கரைக்கு வரும்போது காகங்களின் சத்தம் மனிதச் சத்தத்தை மூடிவிடுகிறது. அதை வைத்தே மீன் நிறைய என்று தெரிந்துவிடும், பார்க்கத் தேவையில்லை. கடைசியில் ஒரு நாய் வந்து போனை மணந்து பார்க்கிறது, படம் சரிந்துவிடுகிறது, பிறகு ஐந்து நிமிடம் வானம் மட்டும். மீனைப் பங்கு பிரிக்கிற பேரம் முழுவதும் வானத்தின் மேலேதான் கேட்கிறது.

எடுத்தவருக்குத் தான் படம் எடுத்தது தெரியுமோ தெரியாது. பார்த்தவர்கள் முன்னூறு பேர் கூட இல்லை.

உதவி வீடியோக்கள் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

தெரியாதவர்களுக்கு: ஒருவர் கமராவோடு வறுமையான வீட்டுக்கு வருவார். கதையைக் கேட்டு எடுத்துப் போடுவார். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பார்த்துக் காசு அனுப்புவார்கள். அந்தக் காசில் கோழியோ கிணறோ கடையோ வரும், அதையும் எடுத்துப் போடுவார்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு அக்காவிடம் இப்படி ஒரு பெடியன் வந்தான். நான் அப்போது அவவின் சைக்கிளுக்குச் செயின் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டான், அவ சொன்னா, சொல்லச் சொல்ல அழுதுவிட்டா. அந்த நேரம் பார்த்து றோட்டால் லாண்ட்மாஸ்டர் ஒன்று போனது. பெடியன் கையைத் தூக்கி நிறுத்தி, "அக்கா, சத்தம் வந்திட்டுது, அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றான். அவ முகத்தைத் துடைத்தா. ஒருமுறை என்னைப் பார்த்தா. பிறகு அதே கதையை, அதே சொல்லில், அதே இடத்தில் அழுது, திரும்பச் சொன்னா. நான் செயினைக் குனிந்து பார்த்தபடியே இருந்தேன்.

தையல் மெசின் வந்தது. அது இன்றைக்கும் ஓடுகிறது, பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறா. ஆகவே அந்தப் பெடியனைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் மூத்த மகளை வகுப்பில் "யூடியூப்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் ஒரு மாதம் போகவில்லை. இரண்டும் ஒரே வீடியோவால் வந்தவை.

அவவிடம் கேட்டேன், திரும்ப வந்தால் விடுவீர்களோ என்று. "மெசினை எடுக்கட்டும், என்னை எடுக்கக் கூடாது" என்றா. எனக்கு அது சரியாகப் படுகிறது. அந்த மெசின் சத்தத்தை இரண்டு நிமிடம் போட்டிருந்தாலே கனடாவில் இருப்பவருக்குக் காசு போன இடம் தெரியும்.

யூடியூப் தொடங்கினால் காசு வருமா?

கணக்கை நீங்களே பாருங்கள். விளம்பரத்தில் பங்கு கிடைக்க 1000 பேர் இணைந்திருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் மொத்தம் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நாலு நிமிடம் பார்த்தால் 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். சின்ன வீடியோக்களுக்கு வேறு கணக்கு உண்டு, 90 நாளில் ஒரு கோடி பார்வை. இதை நம்பி மாட்டை விற்றுக் கமரா வாங்காதீர்கள். ஒருவர் விற்றார். மாடு இருந்தால் பாலாவது கிடைத்திருக்கும்.

வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமா?

என் மருமகன் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கில் பார்க்கிறான். பாடம் படிக்கப் பரவாயில்லை. படத்தில் அப்படிச் செய்தால் மூச்சு விடுகிற இடமெல்லாம் போய்விடும். கரைவலைக்காரர்கள் கிளி மாதிரிக் கத்துவார்கள். கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற வீடியோக்கள் பற்றியும் இதே கருத்துத்தான். கலியாண வீட்டுக்குப் போகாமல் சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் கேட்ட மாதிரி.

திருட்டுப் பிரதியில் பார்ப்பதுண்டா?

பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. பெரிய படத்துக்கு மனம் குத்தவில்லை, சின்னப் படத்துக்குக் குத்தியது. இப்போது சின்னப் படங்களைக் காசு கட்டி அல்லது அவர்களே போடும் இடத்தில் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் பார்க்காமல் இருக்கிறேன்.

நான் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன். என்ன கமரா வாங்கலாம்?

கையிலிருக்கும் போன் போதும். மிச்சக் காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள், சட்டையில் குத்துகிற சின்னது.

வன்னியில் படம் எடுக்கிறவர்களுக்குக் காற்று ஒரு எதிரி. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று வீசும்போது மைக்குக்குள் தகரம் அடிக்கிற மாதிரி இருக்கும். மருமகன் முதன்முதலாகப் படம் எடுத்தது ஆடி மாதம், வெட்டை வெளியில், குளக்கட்டில். காதலன் காதலியிடம் ஏதோ சொல்கிறான், என்ன சொன்னான் என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. மைக்குக்கு மேலே பஞ்சு உறை போட வேண்டும். எங்களிடம் அது இல்லாதபோது ஒரு பழைய குளிர்த் தொப்பியின் குஞ்சத்தை வெட்டி அதற்குள் மைக்கைச் செருகினோம், வேலை செய்தது. விடியப்புறம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காற்று விழுந்திருக்கும். வெளிச்சமும் அப்போதுதான் அழகு. ஆனால் கோயில் லவுட்ஸ்பீக்கர் போடும் நேரமும் அதுதான், திருவிழா நாட்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து முடிந்ததும் அந்த இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் நின்று, வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை அடைக்க அது வேண்டும். இது நான் கண்டுபிடித்தது அல்ல, தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வது. எங்கள் பெடியன்களை ஒரு நிமிடம் பேசாமல் நிற்கவைப்பதுதான் சிரமம்.

போனைப் படுக்கையாகப் பிடிக்கவா, நிமிர்த்திப் பிடிக்கவா என்று சண்டை பிடிக்காதீர்கள். ஒருவரைக் காட்டுவதென்றால் நிமிர்த்துங்கள், வயலைக் காட்டுவதென்றால் படுக்க வையுங்கள்.

விழாவுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் முதலில் யூடியூப்பில் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வெளியில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை.

எடுத்த படத்தை உங்களுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசிந்துவிடும், டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். மாசிக் கடைசியில் நெல் வெட்டு முடியும், அதுவரை தாமதமானாலும் பார்ப்பேன். யாரும் பேசாத படமாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டு காதும் வேண்டும், காவல் முடிந்து வீட்டில் வைத்துத்தான் பார்க்கலாம்.